நிலாவில் வீடு: மேலேயா, மண்ணுக்குள்ளா?

1971 ஜூலை கடைசி. அப்போலோ 15-இல் நிலாவுக்குப் போன டேவிட் ஸ்காட் அங்கே போர் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீருக்காக அல்ல. நிலாவின் உள்ளிருந்து எவ்வளவு வெப்பம் வெளியே கசிகிறது என்று பார்க்க, தரையில் துளை போட்டு வெப்பமானிகளை இறக்க வேண்டும். 3 மீட்டர் ஆழம் என்பது திட்டம். ஒன்றரை மீட்டர் சுற்றிலேயே டிரில் திணறி நின்றுவிட்டது. மேலே பொடிப்பொடியாகத் தெரிந்த மண், கொஞ்சம் கீழே போனதும் பாறை கணக்காக இறுகிக் கிடந்தது. மண் மாதிரி எடுப்பதற்காக இறக்கிய இன்னொரு குழாயோ மேலே வர மறுத்தது. ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் தோள் கொடுத்து முட்டித்தான் அதைப் பிடுங்கினார்கள். குழாய் வந்தது, ஸ்காட்டுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

அடுத்துப் போன அப்போலோ 16-இல் வேறு விதமான சோதனை. கமாண்டர் ஜான் யங்கின் கால், வெப்பமானியின் கேபிளில் மாட்டியது. கேபிள் அறுந்து அத்தனை உழைப்பும் வீண். 1972 டிசம்பரில் அப்போலோ 17 குழுவினர்தான் இரண்டரை மீட்டர் வரை வெப்பமானிகளை இறக்கி வேலையை ஒழுங்காக முடித்தார்கள்.

இத்தனை பாடுபட்டு அறிந்துகொண்டது இதுதான். நிலாவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் தரை 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். இரவில் மைனஸ் 170-க்கும் கீழே இறங்கும். அங்கே ஒரு பகல் நம் கணக்கில் இரண்டு வாரம், ஓர் இரவு இரண்டு வாரம். ஆனால், ஒரு மீட்டர் கீழே போய்விட்டால் இந்த ஆட்டம் எதுவும் எட்டுவதில்லை. பகலானாலும் இரவானாலும் மைனஸ் 20 டிகிரியை ஒட்டிய, ஏறக்குறைய அசையாத ஒரு குளிர்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு சந்திரயான்-3 இதையே இன்னும் நெருக்கமாகக் காட்டியது. விழுப்புரத்துக்காரரான ப.வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறக்கிய விக்ரம் கலத்தில், 'சேஸ்ட்' என்ற ஊசி போன்ற கருவி இருந்தது. 10 உணரிகள் கொண்ட அந்த ஊசி, 10 செ.மீ ஆழம் வரை மண்ணுக்குள் இறங்கக்கூடியது. நான்கு நாள் கழித்து இஸ்ரோ வெளியிட்ட வரைபடத்தில் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் இருந்தது; 8 செ.மீ ஆழத்தில் மைனஸ் 10. ஒரு சாண்கூட இல்லாத ஆழத்துக்குள் 60 டிகிரி வித்தியாசம்! நிலா மண் அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி. வீடு கட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

செப்டம்பர் தொடக்கத்தில் இரவு வந்தது. ஒரே ஒரு நிலாப் பகலுக்காகத்தான் விக்ரம் செய்யப்பட்டது என்றாலும், விடிந்ததும் எழுந்துவிடாதா என்று நாடே காத்திருந்தது. எழவில்லை.

காற்றில்லாத, உயிரில்லாத உலகங்களில் மனிதன் குடியேறப் போனால் வீட்டைத் தரைக்கு மேலே கட்டுவதா, மண்ணுக்குள் புதைத்துக்கொள்வதா என்ற வழக்கு நிலாவில் மனிதன் கால் வைப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1959-இல் அமெரிக்க ராணுவம் 'புராஜெக்ட் ஹொரைசன்' என்ற பெயரில் நிலாவில் 12 வீரர்கள் தங்கும் முகாமுக்குத் திட்டம் போட்டது. உலோக உருளைகளைப் பள்ளத்தில் இறக்கி, மேலே நிலா மண்ணைத் தள்ளி மூடிவிடுவது. மின்சாரத்துக்கு அணு உலை. இன்றைக்குப் பார்த்தாலும் அதில் பெரிய பிழை சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஓவியர்களோ பளபளக்கும் கண்ணாடிக் கூரைக்குள் தோட்டம் போட்டு, குழந்தைகளை விளையாட விட்டார்கள். இன்றைய கணினி ஓவியர்களும் அதையேதான் செய்கிறார்கள். புதைந்த உருளையைப் படம் போட்டால் யார் பார்ப்பார்கள்?

கண்ணாடிக் கூரை நகரம் நடக்காது என்பது என் கட்சி. ஆனால், குகைக்குள் குடியேறுவோம் என்கிறவர்களோடும் நான் முழுக்க உடன்படவில்லை. இதில் முதலில் கேட்க வேண்டியது 'எந்த இடம்?' என்பதுதான். ஆழம் அதற்குப் பிறகு.

தலைக்கு மேலே 10 டன்

பூமியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது. நம்மை விண்வெளிக் கதிர்வீச்சிலிருந்து காப்பது அந்தக் காற்றும் பூமியின் காந்தப் புலமும்தான். நிலாவில் இரண்டும் இல்லை. செவ்வாயில் காந்தப் புலம் இல்லை; காற்று இருக்கிறது, ஆனால் அழுத்தம் நம்முடையதில் 100-இல் ஒரு பங்குகூட வராது.

சீனாவின் சாங்-இ 4 கலம் நிலாவின் மறுபக்கத்தில் இறங்கி அளந்தபோது, நாளொன்றுக்குச் சுமார் 1.37 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு பதிவானது. பூமியில் இயற்கையாக ஒருவருக்குக் கிடைப்பது சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட். அதாவது நம் ஒரு வருடக் கணக்கு, நிலாத் தரையில் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். நாசா தன் விண்வெளி வீரர்களுக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பு 600 மில்லிசீவெர்ட். திறந்த வெளியில் வாழ்ந்தால் 15 மாதத்துக்குள் அதைத் தொட்டுவிடலாம். செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி அளந்தது இதில் பாதி: நாளுக்கு 0.67 மில்லிசீவெர்ட். ஆனால், அங்கே போகும் வழியிலேயே நாளுக்கு 1.8 வீதம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இது அன்றாடக் கணக்கு. சூரியன் சீறினால் கதை வேறு. 1972 ஆகஸ்டில் மிகப் பெரிய சூரியப் புயல் ஒன்று அடித்தது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது. அப்போலோ 17 டிசம்பரில்தான் போனது. நடுவில் யாரும் நிலாவில் இல்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

சுவரைக் கொஞ்சம் தடிமனாக வைத்தால் போதாதா? சூரியப் புயலுக்கு ஓரளவு போதும். அண்டவெளியின் ஆழத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களுக்குப் போதாது. அவற்றின் வேகம் அப்படி. மெல்லிய சுவரில் மோதினால் அணுக்களை உடைத்து, நியூட்ரான் போன்ற புதுத் துகள்களை உள்ளே தெறிக்க விடும். அரைகுறைச் சுவர் சில நேரம் சுவரில்லாததைவிடக் கெடுதல். இரண்டு, மூன்று மீட்டர் மண் இருந்தால்தான் நிம்மதி. பூமியின் காற்றுக்கு நிகரான எடை தலைக்கு மேலே வேண்டும் என்றால், கிட்டத்தட்ட 6 மீட்டர் நிலா மண்.

விண்கல் இன்னொரு தொல்லை. 2013 மார்ச் 17 அன்று 40 கிலோ எடை என்று மதிப்பிடப்பட்ட ஒரு கல் நிலாவின் 'மழைக் கடல்' சமவெளியில் விழுந்தது. அந்தப் பளிச்சென்ற ஒளியைப் பூமியிலிருந்தே பார்க்க முடிந்தது. பிறகு நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ கலம் படமெடுத்தபோது அங்கே 18 மீட்டர் அகலப் பள்ளம். நம் வானத்தில் அந்தக் கல் வந்திருந்தால் எரிந்து, நாம் ஆசையோடு பார்க்கும் எரிநட்சத்திரமாகியிருக்கும்.

குகை என்னும் ஆசை

ஆக, மண்ணுக்குள் போக வேண்டும் என்பதில் பெரிய வழக்கு இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் வழக்கு. தோண்டும் வேலையே வேண்டாம், இயற்கை ஏற்கெனவே தோண்டி வைத்திருக்கிறது என்கிறது ஒரு தரப்பு.

நிலாவில் ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஆறாக ஓடியது. மேல்பகுதி ஆறி ஓடாக இறுகிவிட, உள்ளே குழம்பு ஓடிக்கொண்டே இருந்து, கடைசியில் வடிந்து போனால் மிச்சமிருப்பது ஒரு சுரங்கம். பூமியிலும் இது உண்டு. ஹவாய்த் தீவில் கசுமுரா குகை 65 கிலோமீட்டர் நீளம். நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால் கூரை இன்னும் அகலமாக நிற்கும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் கணக்குப் போட்டு, ஒரு கிலோமீட்டர் அகலச் சுரங்கம்கூட அங்கே இடியாமல் நிற்கலாம் என்றார்கள். ஒரு சிறு நகரத்தையே உள்ளே வைத்துவிடலாம். ஸ்காட் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஓடும் ஹாட்லி பள்ளத்தாக்கே, கூரை இடிந்துபோன இப்படியொரு குழம்புப் பாதையாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

2009-இல் ஜப்பானின் ககுயா கலம் எடுத்த படங்களில் மாரியஸ் குன்றுகளில் செங்குத்தான ஒரு துளை தெரிந்தது. அது சுரங்கக் கூரையில் விழுந்த ஓட்டையாக இருக்கலாம். மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 அனுப்பிய படங்களைக் கொண்டு, இடியாமல் நிற்கும் சுமார் 1.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றை அகமதாபாத் விஞ்ஞானிகள் அடையாளம் காட்டினார்கள். எல்.ஆர்.ஓ கலம் இதுவரை 200-க்கு மேற்பட்ட குழிகளைக் கண்டிருக்கிறது. இவற்றில் பிரபலமானது 'அமைதிக் கடல்' பகுதியில் இருக்கும் குழி. 100 மீட்டர் அகலம், 100 மீட்டருக்கு மேல் ஆழம். அதன் நிழல் பகுதியில் வெப்பநிலை 17 டிகிரியை ஒட்டி நிலையாக இருக்கும் என்று 2022-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொடைக்கானல் குளிர்! 2024-இல் இத்தாலியின் டிரெண்டோ பல்கலைக்கழகத்தினர் பழைய ரேடார் பதிவுகளைப் புதிய முறையில் அலசி, அந்தக் குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் ஒரு குகை பல பத்து மீட்டர் போவதைக் காட்டினார்கள். நிலாவுக்கடியில் மனிதன் நுழையக்கூடிய வெற்றிடம் உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று என்று அதைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால், குடிபோகும் ஆளாக இருந்து யோசித்துப் பாருங்கள். 100 மீட்டர் செங்குத்துக் குழிக்குள் வீட்டுச் சாமான், ஆக்சிஜன் தொட்டி, மின்கம்பி அத்தனையையும் கயிற்றிலோ கிரேனிலோ இறக்க வேண்டும். ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அதே வழியாகத்தான் மேலே ஏற்ற வேண்டும். உள்ளே கூரையிலிருந்து எந்தப் பாறை எப்போது விழும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். அப்போலோ அதிர்வுமானிகள் நிலாவிலும் நடுக்கம் வருவதைப் பதிவு செய்திருக்கின்றன. அதுவும் பூமியைப் போல அரை நிமிடத்தில் அடங்காமல், பத்து நிமிடத்துக்கும் மேலாக ஆடும். குகையை அப்படியே அடைத்துக் காற்றை நிரப்பிவிடலாம் என்றால், விரிசல் விட்ட எரிமலைப் பாறை காற்றைப் பிடித்து வைக்காது. குகைக்குள்ளும் ஒரு வீட்டைத் தனியாகக் கட்டித்தான் ஆக வேண்டும். குகை தருவது கூரை மட்டுமே.

இவை எல்லாம் எப்படியோ தீர்க்கக்கூடிய சிக்கல்கள்தான். தீராத சிக்கல் முகவரி. தண்ணீர், பனிக்கட்டியாக நிலாவின் துருவங்களில் இருக்கிறது. வெயிலே படாத பள்ளங்களில். 2009 அக்டோபரில் நாசாவின் எல்கிராஸ் கலம் தென்துருவத்துக்கு அருகிலுள்ள கபேயஸ் பள்ளத்தில் ராக்கெட் பகுதியொன்றை மோதவிட்டு, கிளம்பிய புழுதியில் தண்ணீரைக் கண்டது. வெயிலும் துருவத்தில்தான் தாராளம். ஷாக்கிள்டன் பள்ளத்தை ஒட்டிய மேடுகளில் வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தொடுவானத்தை உரசியபடி தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு வார இரவு என்ற கொடுமை அங்கே இல்லை. நாசாவின் ஆர்டெமிஸ் திட்டம் தென்துருவத்தைக் குறிவைப்பதும் இதனால்தான்.

அமைதிக் கடலின் குழியோ நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். தென்துருவத்திலிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். தண்ணீரும் மின்சாரமும் ஒரு கோடியில் இருக்க, கூரை கிடைக்கிறதே என்று இன்னொரு கோடியில் குடியேறுவாரா யாராவது?

மண் அமுக்காது, காற்றுதான் வெடிக்கப் பார்க்கும்

மிச்சமிருக்கும் வழி, 1959-இல் அமெரிக்க ராணுவம் சொன்னதுதான். வேண்டிய இடத்தில் வீட்டை வை. மேலே மண்ணைக் கொட்டு.

மூன்று மீட்டர் மண்ணைக் கூரை தாங்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. தாங்கும். பார்க்கப்போனால் கூரைக்கு அது உதவி. உள்ளே பூமியின் அழுத்தத்தில் காற்றை வைத்திருந்தால், அது ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10 டன் விசையோடு வெளியே தள்ளும். மேலே கொட்டிய மூன்று மீட்டர் நிலா மண், பூமியில் நிறுத்தினால் சதுர மீட்டருக்கு 5 டன் இருக்கும்; நிலாவின் ஈர்ப்பில் ஒரு டன்னுக்கும் கீழே. பத்து டன் மேல்நோக்கி, ஒரு டன் கீழ்நோக்கி. உள்ளே காற்றழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தாலும் மண் தோற்றுத்தான் போகும். மண்ணின் எடையை மட்டும் கொண்டு உள்காற்றைச் சரிக்கட்டுவது என்றால் 36 மீட்டர் ஆழம் புதைக்க வேண்டும். ஆகவே நிலா வீட்டின் பொறியியல் நம் ஊர்ப் பொறியியலுக்கு நேர் எதிர். இங்கே தூணும் உத்தரமும் கூரை விழாமல் பார்த்துக்கொள்கின்றன. அங்கே சுவர், வீடு வெடித்துவிடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணாடிக் கூரை நகரத்தின் கதை முடிவதும் இந்த இடத்தில்தான்: பெரிய கூரை என்றால், சதுர மீட்டருக்குப் பத்து டன் வீதம் அது முழுவதும் வானத்துக்குப் பறக்கத் துடிக்கும்.

காற்று நிரப்பிய பந்து போன்ற வீடு இதற்குத் தோதானது. மடித்து எடுத்துப் போய், ஊதி விரித்து, மேலே மண்ணை மூடலாம். என்றாவது காற்று இறங்கினால் மண் கீழே வந்துவிடும் என்பதற்காக உள்ளே ஒரு சட்டம் மட்டும் வேண்டும்.

அப்புறம் என்ன தயக்கம்? மண்ணைக் கொட்டுவதற்கு முன் மண்ணை அள்ள வேண்டுமே.

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட சின்ன வீட்டுக்கு எல்லாப் பக்கமும் மூன்று மீட்டர் மண் வேண்டுமென்றால், என் தோராயக் கணக்கில் 500 கன மீட்டருக்குக் குறையாது. எண்ணூறு டன்னுக்கு மேல். நம் ஊரில் ஒரு ஜேசிபிக்குச் சில நாள் வேலை. ஆனால், ஜேசிபி மண்ணைக் குத்தி அள்ளுவது இயந்திர பலத்தால் மட்டும் அல்ல, தன் எடையை ஊன்றி நிற்பதால்தான். 8 டன் ஜேசிபி நிலாவில் 1.3 டன் எடையோடுதான் நிற்கும். வாளியை மண்ணில் குத்தினால் வண்டி எழும்பும். இதற்காகவே நாசா 'ராசர்' என்றொரு வண்டியை உருவாக்கியது. முன்னும் பின்னும் இரண்டு உருளை வாளிகள் எதிரெதிர்த் திசையில் சுழன்று மண்ணைச் சுரண்டும். ஒன்றின் இழுப்பை இன்னொன்று சரிக்கட்டுவதால் வண்டியின் எடை தேவைப்படாது. அதன் வாரிசாக வரும் 'ஐபெக்ஸ்' வண்டிக்கு வைத்திருக்கும் இலக்கு, ஒரு பயணத்தில் 10 டன் மண். எண்ணூறு டன்னுக்கு எத்தனை வண்டி, எத்தனை பகல் என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

மண்ணின் குணமும் லேசுப்பட்டதல்ல. காற்றும் நீரும் உரசி மழுக்காத துகள்கள். ஒவ்வொன்றும் உடைந்த கண்ணாடியின் கூர்மை. அப்போலோ 17-இன் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு உடையில் ஒட்டி வந்த தூசியாலேயே மூக்கடைத்துக்கொண்டது. இயந்திரத்தின் மூட்டுகளுக்குள் அது போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாயில் தோண்டப் போய் அவமானப்பட்ட கதை ஒன்று உண்டு. இன்சைட் கலம் 2018 நவம்பரில் அங்கே இறங்கியது. அதில் ஜெர்மனி செய்துகொடுத்த, 'அகழெலி' என்று செல்லப்பெயர் வைக்கப்பட்ட 40 செ.மீ நீளக் கருவி தன்னைத் தானே சுத்தியலால் அடித்துக்கொண்டு 5 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். செவ்வாய் மண் அதன் பக்கங்களைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடிப்பில்லாததால் அடிக்க அடிக்க நின்ற இடத்திலேயே குதித்தது. கலத்தின் கையால் அமுக்கிப் பார்த்தார்கள், மண்ணைச் சுரண்டி இட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடப் போராட்டத்துக்குப் பிறகு கருவியின் மேல்முனை தரைமட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று செ.மீ போனதோடு சரி. 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். 'மண்ணுக்குள் வீடு' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஜன்னல் வேண்டும்

சரி, புதைத்தாயிற்று. உள்ளே மனிதன் எத்தனை காலம் இருப்பான்?

தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி ஊரில் 1915-இல் ஓப்பல் கல் கிடைத்தது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் பாலைவனம். கல் தோண்டிய குழிகளிலேயே மக்கள் குடியிருக்கத் தொடங்கினார்கள். இன்றும் ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் பாறைக்குள் குடைந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். வெளியே எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே 25 டிகிரிக்குள். தேவாலயமும் பாறைக்குள்ளேயே. நூறு வருடமாகச் சந்தோஷமாக வாழ்கிறார்களே என்று நிலாக் குகை ஆதரவாளர்கள் இந்த ஊரை அடிக்கடி இழுப்பார்கள். ஆனால், கூபர் பீடிக்காரர் காலையில் எழுந்து கதவைத் திறந்தால் வெயிலுக்கு வந்துவிடுவார். விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு, காற்றடைப்பு அறையில் காத்திருந்து வெளியே வருகிறவரோடு அவரை ஒப்பிட முடியாது.

அண்டார்டிகா இன்னும் நெருக்கமான பாடம். இந்தியா அங்கே முதலில் கட்டிய 'தட்சிண் கங்கோத்ரி' நிலையம், 1983-84-இல் பனிப்படுகையின் மேல் எழுந்தது. சில வருடங்களிலேயே பனிக்குள் புதைந்து, 1990-இல் கைவிடப்பட்டது. அடுத்து வந்த 'மைத்ரி'யைப் பாறைத் தரைக்குக் கொண்டுபோனார்கள். 2012-இல் வந்த 'பாரதி' தூண்கள் மேல் நிற்கிறது. பிரிட்டனின் ஹாலி நிலையம் பனிக்குள் புதைந்து புதைந்து, ஆறாவது முறையாகக் கட்டும்போது கால்களும் சறுக்குப் பட்டைகளும் பெற்று, இழுத்துப் போகக்கூடியதாக எழுந்தது. பூமியின் மிகக் கொடிய இடத்தில் மனிதன் புதைகுழியிலிருந்து மேலே ஏறி வந்திருக்கிறான். காரணம் பனிக்கொட்டல், நிலாவில் பனி கொட்டாது என்பது உண்மைதான். ஆனாலும் ஏறி வந்தவர்கள் முதலில் பெரிதாக வைத்தது ஜன்னலை.

ஜன்னல் ஆடம்பரம் அல்ல. நாசாவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தை வடிவமைத்தபோது, பொறியாளர்கள் ஜன்னலைச் செலவாகத்தான் பார்த்தார்கள். ஆலோசகராக வந்த வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி பிடிவாதமாக நின்று, வீரர்கள் சாப்பிடும் இடத்தில் ஒரு ஜன்னல் வைக்கச் செய்தார். வீரர்கள் ஓய்வு நேரத்தை அங்கேதான் கழித்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2010-இல் சேர்ந்த 'குபோலா'வின் ஏழு ஜன்னல்களும் அப்படித்தான்.

ஜன்னலைக் கதிர்வீச்சிலிருந்து காப்பது எப்படி? எனக்குப் பிடித்த விடை 2015-இல் நாசா நடத்திய செவ்வாய் வீட்டுப் போட்டியில் வென்ற 'மார்ஸ் ஐஸ் ஹவுஸ்' வடிவம். செவ்வாயில் பல இடங்களில் தரைக்கு மிக அருகிலேயே பனிக்கட்டி இருக்கிறது. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் சில செ.மீ சுரண்டியதுமே வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பனியையே அச்சிட்டுச் சுவராக்கலாம் என்றார்கள். தண்ணீரில் ஹைட்ரஜன் நிறைய இருப்பதால், கதிர்வீச்சைத் தடுப்பதில் அதே எடையுள்ள மண்ணைவிட அது மேல். வெளிச்சத்தையும் உள்ளே விடும். தரைக்கு மேலே நிற்கும் வீட்டுக்காகச் சொல்லப்பட்டவற்றில் இதைவிட நல்ல வாதத்தை நான் பார்த்ததில்லை. முழு வீட்டையும் பனியில் கட்டுவது அதிகம். புதைந்த வீட்டுக்கு ஒரு பனிச் சாளரம் என்றால் நியாயம்.

பயிர் விஷயத்தில் மேலே இருக்கலாம் என்ற ஆசை பலருக்கு உண்டு. சாங்-இ 4 கலத்துக்குள் 2019 ஜனவரியில் ஒரு பருத்தி விதை முளைத்தது. வேற்று உலகில் முளைத்த முதல் செடி. இரவு வந்ததும் குளிரில் செத்துப்போனது. செவ்வாயில் வெயில் நம்முடையதில் பாதிகூட இல்லை. 2018-இல் கிளம்பிய புழுதிப் புயல் சூரியனையே மறைத்து, ஆப்பர்சூனிட்டி ஊர்தியைக் கொன்றது. கீரையோ தக்காளியோ, எல்.இ.டி விளக்கின் கீழ்தான் வளர வேண்டியிருக்கும். அதற்கு மின்சாரம், அதற்கு அணு உலை. இந்தச் சங்கிலி எங்கே கட்டினாலும் மாறாது.

செவ்வாயிலும் குகை ஆசை உண்டு. 2007-இல் ஆர்சியா எரிமலைச் சரிவில் ஏழு கரிய துளைகளைக் கண்டு 'ஏழு சகோதரிகள்' என்று பெயர் வைத்தார்கள். முகவரிச் சிக்கல் அங்கேயும் அதேதான். மலை உயரத்தில், இருக்கும் கொஞ்சக் காற்றும் மெலிந்த இடம். பாராசூட்டை நம்பி இறங்கும் கலத்துக்கு ஆகாது. எளிதில் எட்டும் பனிக்கட்டி கிடக்கும் சமவெளிகள் வேறு பக்கம். செவ்வாயில் மலைச்சுவரை ஒட்டி வீடு கட்டினால் பாதி வானத்தை மலை மறைக்குமே என்றும் சொல்வார்கள். கியூரியாசிட்டி ஒரு பாறைக் குன்றை ஒட்டி நின்றபோது கதிர்வீச்சு 5 சதவீதத்தை ஒட்டித்தான் குறைந்தது.

ஆக, என் தீர்ப்பு: முதல் வீடு நிலாவின் தென்துருவத்தில், தரையில் வைத்து மண்ணால் மூடிய வீடு. தூங்குவது, சாப்பிடுவது, சூரியப் புயல் அடிக்கும்போது பதுங்குவது மண்ணுக்குள், வேலை வெளியில். தலைமாட்டில் ஒரு ஜன்னல். குகைகளுக்கு ரோபோக்களையும் பிறகு ஆய்வாளர்களையும் அனுப்பலாம். அங்கே குடித்தனம், நிலாவில் சாலையும் கிரேனும் வந்த பிறகு. செவ்வாய்க்கும் இதே வரிசைதான்.

இந்தியா 2040-க்குள் நிலாவில் மனிதரை இறக்குவது என்று இலக்கு வைத்திருக்கிறது. இறங்கித் திரும்புவதோடு நின்றுவிடாமல் தங்குவதிலும் நமக்குப் பங்கு வேண்டுமென்றால், அது ராக்கெட்டில் மட்டும் இல்லை. தென்துருவத்து மேட்டு நிலத்தின் மண் அனார்த்தோசைட் வகை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது; அதை அரைத்துத்தான் சந்திரயான் ஊர்திகளுக்கான சோதனைத் தரையை இஸ்ரோ அமைத்தது. அதே மாவட்டத்தின் திருச்செங்கோட்டிலிருந்துதான் ரிக் வண்டிகள் நாடெங்கும் போய்ப் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. மண்ணும் இருக்கிறது, துளைக்கத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். ஆறில் ஒரு பங்கு எடையில் மண் அள்ளும் இயந்திரத்தை வடிவமைக்கும் வேலையை நம் பொறியியல் கல்லூரிகளிடம் இஸ்ரோ இப்போதே ஒப்படைக்க வேண்டும்.